மேல்தாடை பின்தங்கினால்: எட்டு வயதில் ஒரு வழி, பதினெட்டில் வேறு வழி

"பல்லெல்லாம் விழுந்து முளைக்கட்டும், பன்னிரண்டு பதிமூணு வயசுல கிளிப் போட்டுக்கலாம்." கோணல் பல்லுக்கு இந்த யோசனை பெரும்பாலும் சரி. மேல்தாடை எலும்பே வளராமல் பின்தங்கி நிற்கும் பிள்ளைக்கு இதையே சொன்னால் பெரிய இழப்பு. எட்டு வயதில் மாட்டிக் கழற்றும் கருவியால் சரிசெய்ய ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதை நழுவவிட்டால் அதே பிள்ளை பத்து வருடம் கழித்து மயக்க மருந்து வாங்கி, தாடையை அறுத்து நகர்த்திக்கொள்ள வேண்டி வரலாம்.

மேல்தாடை வளர்ச்சி இரண்டு விதமாகக் குறையும். அகலத்தில் குறைந்தால் அண்ணம் குறுகி மேலே குழிந்திருக்கும். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு வெளிப்புறம் உட்காராமல் உட்புறம் உட்காரும். முன்பின் நீளத்தில் குறைந்தால் கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களைத் தாண்டி முன்னால் வந்து கடிக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதும் சகஜம். முன்பல் இப்படி மாறிக் கடிபடுவதைப் பார்த்ததும் "கீழ்த்தாடை நீண்டுடுச்சு" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் கதை வேறாக இருக்கும். மூக்கின் இரு பக்கமும் பள்ளமாக, கன்னம் தட்டையாக, மேலுதடு மெலிந்து உள்வாங்கியிருந்தால் குறை மேல்தாடையில் இருக்கிறது. கீழ்த்தாடை தன் அளவில்தான் நிற்கிறது; அல்லது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

இன்னொன்றையும் முதலில் பிரித்தறிய வேண்டும். பிள்ளையின் தாடையைத் தளரவிட்டு மெதுவாகப் பின்னால் தள்ளிக் கடிக்கச் சொன்னால், சிலருக்கு மேல், கீழ் முன்பற்களின் நுனி ஒன்றையொன்று தொடும். அங்கிருந்து முழுதாகக் கடிக்க இடமில்லாமல் கீழ்த்தாடை முன்னால் வழுக்கிப் போகிறது. இது எலும்புக் குறை அல்ல, பல்லின் சாய்வு செய்யும் வேலை. ஸ்பிரிங் வைத்த பிளேட்டோ, முன்பற்களில் மட்டும் ஒட்டிய சில பிராக்கெட்டோ போதும், சில மாதங்களில் சரியாகும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் ஃபேஸ்மாஸ்க் (மேல்தாடையை முன்னால் இழுக்க முகத்தில் மாட்டும் கருவி) மாட்டுவது தேவையில்லாத பாரம்.

எலும்புக் குறைதான் என்று பட்டால் செஃபலோகிராம் என்ற, தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். மண்டையோட்டின் அடித்தளத்தோடு மேல்தாடை எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று சொல்லும் எஸ்.என்.ஏ. கோணம் சராசரியாக 82 பாகை. அதிலிருந்து நன்றாகக் குறைந்தால் மேல்தாடை பின்தங்கியிருக்கிறது. அதே படத்தில் கழுத்து முள்ளெலும்புகளின் வடிவத்தைப் பார்த்து, வளர்ச்சியின் வேகமான கட்டம் வந்துவிட்டதா, இனிமேல்தானா என்றும் கணிக்கலாம். பிறந்த தேதியைவிட இந்தக் கணிப்புக்கு மதிப்பு அதிகம்.

வயதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மேல்தாடை என்பது வலது, இடது என இரண்டு எலும்புகள். அண்ணத்தின் நடுக்கோட்டில் இரண்டும் சேர்கின்றன. மேலே நெற்றி எலும்போடும், பக்கத்தில் கன்ன எலும்போடும், பின்னால் மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்கும் டெரிகாய்டு தகடுகளோடும் இணைகின்றன. சிறுவயதில் இந்த இணைப்புகளுக்கு நடுவே மென்திசு இருக்கிறது. விசை கொடுத்தால் திறக்கும், திறந்த இடத்தில் புது எலும்பு படியும். வயது ஏற ஏற இரு ஓரங்களும் ரம்பப் பற்களைப் போலக் கோத்துக்கொண்டு, இடையிடையே எலும்புப் பாலங்களும் விழுகின்றன. அகல வளர்ச்சி முதலில் முடிகிறது, பிறகு முன்பின் நீளம், கடைசியில் உயரம். சிகிச்சையின் காலக்கெடுவும் ஏறத்தாழ அதே வரிசைதான்.

அண்ணத்தை விரிப்பது

அகலத்துக்கான கருவியில் அதிகம் புழங்குவது ஹைராக்ஸ். இரு பக்கக் கடைவாய்ப் பற்களிலும் உலோக வளையம் சிமெண்ட் வைத்துப் பொருத்தப்படும். நடுவில் அண்ணத்துக்குக் கீழே ஒரு திருகு. அதைச் சாவியால் ஒரு கால் சுற்று திருகினால் 0.2 அல்லது 0.25 மி.மீ. விரியும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பது வழக்கமான கணக்கு. 7 மி.மீ. விரிக்க வேண்டுமானால், 0.25 மி.மீ. திருகில் 28 கால் சுற்றுகள், அதாவது இரண்டு வாரம்.

திருகுவது பெற்றோர் வேலை என்பதால் அதை விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளையை வெளிச்சத்தில் தலை சாய்த்துப் படுக்க வையுங்கள். சாவியின் கைப்பிடியில் ஒரு நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். கை நழுவினாலும் தொண்டைக்குள் போகாது. திருகின் முன்பக்கம் தெரியும் துளையில் சாவியை நுழைத்து, தொண்டையை நோக்கிப் பின்னால் தள்ளுங்கள். அடுத்த துளை முன்னால் முழுதாகத் தெரியும்வரை தள்ள வேண்டும். பாதியில் நிறுத்திச் சாவியை உருவினால் இரண்டு துளைகளுமே மறைந்துபோய், அடுத்த முறை சாவி நுழையாது. சாவியை எடுக்கும்போது மேலே தூக்கி இழுத்தால் திருகு திரும்பவும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பின்பக்கமாகவே சரித்து வெளியே எடுங்கள். மூக்குத் தண்டிலும் கண்ணுக்கு நடுவிலும் சில நிமிடம் ஓர் அழுத்தம் தெரியும், அது இயல்பு.

ஒரு வாரம், பத்து நாளில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். இதைப் பார்த்துப் பதறிப்போய் திருகுவதை நிறுத்திவிடும் பெற்றோர் நிறையப் பேர். அந்தச் சந்துதான் எலும்பு திறந்ததற்குக் கண்ணால் காணும் சான்று. பற்களை இணைக்கும் ஈறு நார்கள் சில மாதங்களில் அதைத் தானாக மூடிவிடும். சந்து விழவே இல்லை, வலி மட்டும் ஏறுகிறது என்றால் அப்போதுதான் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடு இணைப்பு திறக்காமல் விசை முழுக்கப் பல்லின்மேல் விழுந்தால் கடைவாய்ப் பற்கள் வெளிப்புறம் சாயும், ஈறு இறங்கும், வேர் கரையும்.

விரிப்பைச் சரியான அளவோடு நிறுத்துவதில்லை, கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். மேல் கடைவாய்ப் பல்லின் உள்முனை கீழ்ப் பல்லின் வெளிமுனையைத் தொடும் அளவு. கருவியைக் கழற்றியதும் ஓரளவு திரும்பச் சுருங்கும் என்பதால் இந்தக் கூடுதல். விரித்த பின் திருகைப் பூட்டி, 3 முதல் 6 மாதம் அப்படியே வைத்திருக்க வேண்டும். திறந்த இடத்தில் எலும்பு நிரம்ப அவ்வளவு நாள் ஆகும். "வேலைதான் முடிஞ்சுதே, உறுத்துது, கழட்டிடுங்க" என்று இந்தக் கட்டத்தில்தான் கேட்பார்கள். கழற்றினால் பாடுபட்டது வீண். இடையில் ஒரு பக்க வளையத்தின் சிமெண்ட் விட்டுப்போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தளர்ந்த வளையத்துக்கு அடியில் பல் சொத்தையாகும், விரிப்பும் ஒருக்களித்துப் போகும்.

இது புதிய உத்தி அல்ல. சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்சல் 1860-லேயே ஒரு 14 வயதுச் சிறுமிக்குத் திருகு வைத்து, இரண்டு வாரத்தில் கால் அங்குலம் விரித்ததாக எழுதினார். எலும்பு அப்படித் திறக்காது என்று அன்றைய மருத்துவர்கள் ஏற்க மறுத்தார்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஹாஸ் 1961-ல் மீண்டும் எடுத்துக்காட்டிய பிறகே பரவலாயிற்று. நூறு வருடம் வீணானது.

முன்னால் இழுப்பது

முன்பின் குறைக்கு ஃபேஸ்மாஸ்க். நெற்றியிலும் மோவாயிலும் ஒவ்வொரு பட்டை, இரண்டையும் இணைக்கும் கம்பி, அதன் குறுக்குக் கம்பியிலிருந்து வாய்க்குள் இருக்கும் கருவியின் கொக்கிக்கு ரப்பர் வளையம். பெரும்பாலும் ஹைராக்ஸ் கருவியிலேயே கொக்கி வைத்துவிடுவார்கள். பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் விசை வேண்டும். முதல் நாளே முழு விசை கொடுத்தால் பிள்ளை கழற்றி வீசிவிடும். முதல் இரண்டு வாரம் 8 அவுன்ஸ் (சுமார் 225 கிராம்) ரப்பர், பழகிய பிறகு 14 அவுன்ஸ் (சுமார் 400 கிராம்) என்று ஏற்றுவது நல்ல முறை. ரப்பர் தளர்ந்துபோகும், தினமும் புதியது மாட்ட வேண்டும்.

கொக்கி இருக்கும் இடம் முக்கியம். கோரைப் பல் பக்கத்தில் இருந்து, கடிக்கும் தளத்துக்கு 30 பாகை கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லிலிருந்து நேராக முன்னால் இழுத்தால் மேல்தாடையின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் இறங்கும். கடித்தாலும் முன்பற்கள் சேராமல் வாய் திறந்தபடி நிற்கும். ஏற்கெனவே முகம் நீண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய சிக்கல்.

நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். பள்ளிக்கு மாட்டிப் போகத் தேவையில்லை. மாலை 6 மணிக்கு மாட்டிக் காலை 7 மணிக்குக் கழற்றினால் 13 மணி நேரம் ஆயிற்று. சாப்பாட்டுக்குக் கழற்றியதைத் திரும்ப மாட்ட மறக்காமல் இருந்தால் போதும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் மோவாய்ப் பட்டைக்கு அடியில் தோல் சிவந்து புண்ணாகும். பட்டைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்து அதைத் தினமும் மாற்றுங்கள், பட்டையைக் கழுவிக் காயவையுங்கள். தோல் புண்ணானதால் பாதியில் விடப்படும் சிகிச்சைகள் உண்டு, அதனால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

6 முதல் 12 மாதத்தில் எலும்பு சுமார் 2 முதல் 4 மி.மீ. முன்னால் வரும். மீதித் திருத்தம் மேல் பற்கள் முன்னால் சாய்வதாலும் கீழ்த்தாடை கீழ்ப் பின்புறமாகச் சுழல்வதாலும் கிடைக்கிறது. 7 முதல் 10 வயதுக்குள் தொடங்கினால் எலும்பின் பங்கு அதிகம், தள்ளிப்போடப் போடப் பல் சாய்வின் பங்கு அதிகம். இங்கேயும் கூடுதல் திருத்தத்தோடுதான் நிறுத்த வேண்டும், மேல் முன்பற்கள் 2 முதல் 4 மி.மீ. முன்னால் நிற்கும் நிலையில். காரணம், கீழ்த்தாடையின் வளர்ச்சி இன்னும் பல வருடம் பாக்கி இருக்கிறது.

அந்த வளர்ச்சி எல்லாவற்றையும் கரைத்துவிடாதா? நியாயமான கேள்வி. பிரிட்டனில் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆறு வருடம் பின்தொடர்ந்தார்கள். 2016-ல் வந்த முடிவில், ஃபேஸ்மாஸ்க் போட்ட குழுவில் 36 சதவீதத்தினருக்கும் போடாத குழுவில் 66 சதவீதத்தினருக்கும் தாடை அறுவை சிகிச்சை தேவை என்று நிபுணர் குழு கணித்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் மாஸ்க் போட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. அப்படிச் சொன்ன பிறகும் இதைச் செய்து பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அப்பா அம்மா வழியில் கீழ்த்தாடை நீளம் இருக்கும் குடும்பமானால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

11 வயதைத் தொட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பெல்ஜியத்தின் ஹியூகோ டி கிளெர்க் கொண்டுவந்த முறையில், மேலே கன்ன எலும்பின் அடியில் இரண்டு, கீழே கோரைப் பல் அருகில் இரண்டு என நான்கு சிறு தகடுகளை எலும்பில் திருகி, இடையில் ரப்பர் மாட்டுவார்கள். பக்கத்துக்கு 150 கிராமில் தொடங்கி 250 கிராம் வரை, நாள் முழுக்க. முகத்துக்கு வெளியே எதுவும் இல்லை, பல்லும் சாய்வதில்லை. ஆனால் கீழ்க் கோரைப் பல் முளைத்திருக்க வேண்டும், 11 வயதுக்கு முன் எலும்பு திருகைப் பிடிக்கும் அளவுக்குக் கெட்டியாக இருப்பதில்லை. தகடு வைக்கவும் எடுக்கவும் சிறு அறுவை சிகிச்சை தேவை.

அகலம் மட்டும் குறைந்த பதின்ம வயதினருக்கும் இளைஞருக்கும் விரிப்பானை அண்ண எலும்பிலேயே நான்கு மினி திருகுகளால் பிடித்து விரிக்கும் மார்பி முறை இருக்கிறது. திருகு அண்ணத்தின் கீழ்ப்பரப்பை மட்டும் பிடித்தால் சாய்ந்துவிடும். மூக்கின் தரைப்பக்கம் உள்ள கெட்டி எலும்பையும் துளைத்துப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்து எலும்பின் தடிமனை அளப்பது. இருபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டிய ஆண்களுக்குத் தோல்வி கூடுகிறது. அவர்களுக்கு மேல்தாடையின் பக்கச் சுவரையும் நடுக்கோட்டையும் அறுவை சிகிச்சையில் தளர்த்திவிட்டு, 5 முதல் 7 நாள் பொறுத்து, நாளுக்கு 0.5 மி.மீ. என்று விரிப்பார்கள்.

அறுத்து நகர்த்துவது

வளர்ச்சி முடிந்த பிறகு முன்பின் குறைக்கு வழி லெ ஃபோர்ட் 1 அறுவை சிகிச்சை. ரெனே லெ ஃபோர்ட் 1901-ல் பிரான்சின் லீல் நகரில் சடலங்களில் அடிபட்டால் முக எலும்பு எந்தக் கோட்டில் முறிகிறது என்று ஆராய்ந்தவர். அவர் கண்ட முதல் கோட்டிலேயே இன்று மேல்தாடையை அறுக்கிறார்கள். மேல்தாடையை முழுதாகப் பிரித்தால் இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிடும் என்ற பயம் நெடுங்காலம் இருந்தது. அண்ணத்தின் மென்பகுதியும் கன்னப் பக்கத் திசுவும் போதிய இரத்தம் தருகின்றன என்பதைக் குரங்குகளில் அறுவை மருத்துவர் வில்லியம் பெல் செய்த ஆய்வுகள் காட்டியபின் இது வழக்கமான சிகிச்சையானது.

வளர்ச்சி முடிந்ததை ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு செஃபலோகிராம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டு உறுதி செய்வார்கள். பெண்களுக்கு 16, 17 வயது, ஆண்களுக்கு 18-க்கு மேல், சிலருக்கு 20-ம் தாண்டும். அதற்குமுன் 12 முதல் 18 மாதம் கிளிப். உடல் இத்தனை நாள் மேல் பற்களை முன்னால் சாய்த்தும் கீழ்ப் பற்களை உள்ளே சாய்த்தும் குறையை மறைத்து வைத்திருக்கும். அந்தச் சாய்வை எடுத்தால்தான் தாடையைப் போதுமான அளவு நகர்த்த இடம் கிடைக்கும். ஆகவே இந்தக் காலத்தில் கடி முன்னைவிட மோசமாகத் தெரியும். பிள்ளைகள் இதில் மனம் உடைந்து போவதுண்டு. இப்படித்தான் ஆகும் என்று தொடக்கத்திலேயே சொல்லி வைக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முழுவதும் வாய்க்குள்ளேதான், முகத்தில் தழும்பு கிடையாது. மூச்சுக்குழாய் மூக்கு வழியாகப் போகும். மேலுதட்டின் உட்புறம் ஒரு முதல் கடைவாய்ப் பல்லிலிருந்து மறு முதல் கடைவாய்ப் பல் வரை கீறி, எலும்பைத் திறந்து, மூக்குத் துவாரத்தின் ஓரத்திலிருந்து கன்ன எலும்பின் அடிவழியாகப் பின்கோடி வரை அறுப்பார்கள். பல் வேர் நுனிக்கு மேலே குறைந்தது 5 மி.மீ. விட்டு அறுக்க வேண்டும். கோரைப் பல்லின் வேர்தான் நீளமானது, அதை அளந்தே கோடு போடுவார்கள். மூக்கின் நடுத்தண்டையும் டெரிகாய்டு தகடுகளையும் உளியால் பிரித்ததும் மேல்தாடை கீழே இறங்கிக் கைக்கு வரும். முன்கூட்டியே செய்த அக்ரிலிக் ஸ்பிளின்டில் (பற்கள் சேர வேண்டிய நிலையைக் காட்டும் அச்சில்) பற்களை உட்காரவைத்து, புதிய இடத்தில் நான்கு டைட்டானியத் தகடுகளால் திருகிவிடுவார்கள்.

தவறு நடக்கும் இடங்களில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன். தாடையின் பின்கோடியில் எலும்புத் துணுக்கு ஒன்று இடித்துக்கொண்டிருந்தால் மேல்தாடை சரியாக உட்காராது. அதைக் கவனிக்காமல் முன்பக்கத்தை அழுத்தித் தகடு போட்டால், கீழ்த்தாடையின் மூட்டு குழியிலிருந்து சற்று இறங்கிய நிலையில் எல்லாம் பொருந்தியதாகத் தெரியும். நோயாளி விழித்ததும் மூட்டு தன் குழிக்குத் திரும்பும், முன்பற்கள் சேராமல் திறந்து நிற்கும். அப்போது தகடைக் கழற்றி மறுபடி போடுவதைத் தவிர நல்ல வழி இல்லை. ரப்பர் மாட்டி மாதக்கணக்கில் இழுத்துப் பார்ப்பது காலவிரயம்.

முதல் வாரம் மூக்கிலிருந்து பழைய இரத்தம் கசியும். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்று முகத் திசுவுக்குள் புகுந்து முகம் வீங்கும். கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப் என்று இரண்டு வாரம், பிறகு மசித்த இட்லி, குழைந்த சாதம் என்று ஆறு வாரம் வரை. சில கிலோ எடை குறையும். மேலுதடும் ஈறும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும். வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்து மூக்கிலிருந்து திடீரெனப் புது இரத்தம் கொட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தாடைக்குப் பின்னால் காயப்பட்ட தமனி புடைத்து வெடிப்பதால் அப்படி வரலாம். இரத்தக்குழாய் வழியே அதை அடைக்க வேண்டியிருக்கும்.

மேல்தாடையை மேலே ஏற்றுவதுதான் மிக நிலையான நகர்வு. முன்னால் கொண்டுவருவது பெரும்பாலும் நிலைக்கும். கீழே இறக்குவதும் துண்டாக்கி அகலப்படுத்துவதும் திரும்பிப் போகக்கூடியவை. மேல்தாடை நீளமாக வளர்ந்து, சிரித்தால் ஈறு பட்டையாகத் தெரிபவர்களுக்கு மேலே ஏற்றுவார்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சிரிப்பை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. உதட்டைத் தளரவிட்டால் மேல் முன்பல் 2 முதல் 4 மி.மீ. தெரிய வேண்டும். அதற்கும் மேல் ஏற்றினால் பல் உதட்டுக்குள் மறைந்து, இருபது வயதில் முதிய முகமாகிவிடும்.

உதட்டுப் பிளவு, பிளவு அண்ணத்தோடு பிறந்தவர்களுக்குக் கணக்கு சற்று மாறும். குழந்தைப் பருவத்தில் அண்ணத்தைத் தைத்த தழும்பு மேல்தாடையை வளரவிடாமல் பிடித்துக்கொள்வதால் பலருக்கு இந்தக் குறை வருகிறது. ஈறில் உள்ள பிளவுக்கு 9 முதல் 11 வயதுக்குள், கோரைப் பல் இறங்கும் முன்பே, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை நிரப்ப வேண்டும். அண்ணத்தை விரிக்கும் வேலை பெரும்பாலும் அதற்கும் முன்னால். பெரியவர்களானபின் 10 மி.மீ.க்கு மேல் முன்னால் வர வேண்டியிருந்தால், தழும்பின் இழுப்பை மீறி ஒரே மூச்சில் நகர்த்தினால் நிலைக்காது. அறுத்துவிட்டு ஐந்து நாள் பொறுத்து, தலையில் பொருத்திய சட்டத்தாலோ உள்ளே வைத்த கருவியாலோ நாளுக்கு 1 மி.மீ. இழுப்பார்கள்.

முழு மேல்தாடையும் முன்னால் போகும்போது மெல்லண்ணமும் (அண்ணத்தின் பின்புற மென்பகுதி) கூடவே போகிறது, தொண்டையின் பின்சுவரைத் தொட முடியாமல் பேச்சு மூக்கால் வரலாம். ஏற்கெனவே பேச்சில் கொஞ்சம் மூக்கொலி இருப்பவருக்கு இந்த ஆபத்து கூடுதல். அவர் அறுவை சிகிச்சைக்கு முன் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி, மூக்கு வழி எண்டோஸ்கோப்பியில் அண்ணம் மூடும் விதத்தைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். அங்கே இடைவெளி தெரிந்தால் மேல்தாடையின் முன்பகுதியை மட்டும் அறுத்து, ஹைராக்ஸ் திருகை முன்பின்னாகத் திருப்பி வைத்து மெல்ல நகர்த்தும் முறையை அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். பின்பகுதியும் மெல்லண்ணமும் இருந்த இடத்திலேயே இருக்கும், நடுவில் உருவாகும் புது எலும்பில் நெருக்கமாக நிற்கும் பற்களுக்கும் இடம் கிடைக்கும்.